மாரடைப்பு வேறு, இதயம் நின்று போவது வேறு

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐ.ஐ.எம்.மில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்த அப்துல் கலாம் அவர்கள் மேடையிலேயே சரிந்தார். பெத்தானி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் காப்பாற்ற முடியவில்லை. வயது 83. 'மாரடைப்பு' என்றே நம்மில் பலர் பேசிக்கொண்டோம். அறிவிக்கப்பட்ட காரணமோ 'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயம் திடீரென நின்று போவது.

இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். பெரும்பாலும் நினைவு இருக்கும். இதயம் நின்றுவிட்டாலோ ஆள் அப்படியே விழுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது, சீரான மூச்சும் இருக்காது. சிலர் விட்டுவிட்டுத் திணறி இழுப்பார்கள். அதை மூச்சு என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது. மாரடைப்பு முற்றியும் இதயம் நிற்கும். மின்சாரம் தாக்கியும், புகையில் மூச்சு முட்டியும் நிற்கும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் இருக்கின்றன. ஒருவர் விழுந்தால், கிடைத்த வண்டியில் ஏற்றி சிவகாசிக்குப் பறக்கத்தான் மனம் சொல்லும். நல்லெண்ணம்தான். ஆனால் ரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கத் தொடங்கும். ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு யாரும் நெஞ்சை அழுத்த முடியாது.

108ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போடுங்கள். விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் பிழைத்தது, அங்கேயே நெஞ்சை அழுத்தி மின் அதிர்ச்சியும் கொடுத்ததால்தான். பிறகு மீண்டும் விளையாடவும் வந்தார்.

அந்நியப் பெண்ணை, அந்நிய ஆணைத் தொடலாமா என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை.

மின்சாரம் தாக்கியவரை, மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். வெடி விபத்து நடந்த இடமானால் முதலில் அவரைப் பாதுகாப்பான தூரத்துக்கு நகர்த்துங்கள். அழுத்துவது அதற்குப் பிறகுதான்.