பெருமிதமும் இளிவரலும்: சமயக் கதைகளிற் குருதிக் காட்சி

சமய வரலாறுகளிற் குருதி சிந்தாதன மிகச் சிலவே. கண்ணப்பர் தம் கண்ணை அம்பினால் அகழ்ந்தார். அரிவாட்டாயர் தம் கழுத்தை அரிவாளால் அரியத் தொடங்கினார். சிறுத்தொண்டர் தம் ஒரே மைந்தனைக் கறியாக்கினார். கிறித்தவர் வழிபாட்டின் நடுவே நிற்பதும் ஆணி அறையப்பட்ட ஓர் உடலே. இவ்வரலாறுகளை ஏட்டிற் படித்தும் கோயிலிற் கேட்டும் வந்த மக்கள், இன்று அவற்றைத் திரையிற் காண்கின்றனர். அடியார் உற்ற புண்ணை எவ்வளவு காட்டுதல் தகும், அங்ஙனம் காட்டுதலாற் பத்தி வளருமோ என்னும் வினா இதனால் எழுகின்றது.

இவ்வினா உலகெங்கும் எழக் காரணமாயிருந்தது, மெல் கிப்சன் இயக்கத்தில் 2004 ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பாஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ என்னும் திரைப்படம். இயேசுவின் இறுதி நாளின் துன்பங்களைக் கூறும் அப்படம், சாட்டையடியையும் சிலுவைப்பாட்டையும் நெடுநேரம், மிக அண்மையிற் காட்டியது. துன்பத்தின் அளவே அன்பின் அளவு ஆதலின் அதனைக் குறைத்துக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும் என்றனர் ஒருசாரார். புண்ணைக் கண்ட கண் போதனையைக் காணாது போயிற்று என்றனர் மறுசாரார். மறு ஆண்டில், கொடுங்காட்சிகளில் ஏறத்தாழ 5 நிமிட அளவைக் குறைத்து அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டது. படைத்தவரே இருவகைப் பார்வையாளருக்கு இருவேறு அளவு வகுக்க நேர்ந்தமை கருதற்பாலது.

இவ்வழக்கை ஆராய்தற்குத் தமிழிலக்கணத்தில் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தார். அவற்றுள் இளிவரல், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றிற் பிறப்பது. பெருமிதம், கல்வி, தறுகண், புகழ், கொடை என்பவற்றிற் பிறப்பது. சிதைந்த உடலைக் கண்டவிடத்து மனம் சுருங்குதல் இளிவரலின்பாற்படும். தன்னுடலையோ தன்னுயிரினும் இனியதையோ ஈந்த ஒருவனைக் கண்டவிடத்து மனம் விரிதல் பெருமிதத்தின்பாற்படும். ஒரே நிகழ்ச்சி இவ்விரண்டனுள் எதனையும் எழுப்பவல்லது. எது எழும் என்பதைத் துணிவது, கலைஞன் புண்ணை முன்னிறுத்துகின்றானா, புண்பட்டவனை முன்னிறுத்துகின்றானா என்பதேயாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர். சிறுத்தொண்டர் வரலாற்றைவிடக் கொடிய நிகழ்ச்சி அந்நூலில் இல்லை எனலாம். வயிரவக் கோலத்தில் வந்த இறைவன், ஐந்து வயதுடைய, உறுப்பிற் குறைவில்லாத, ஒரு குடிக்கு ஒருவனான பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை மனமகிழ்ந்து அரிந்து சமைத்த கறியே தனக்கு உணவு என்கின்றான். பரஞ்சோதியார் என்னும் இயற்பெயருடன் வாதாபியை வென்ற படைத்தலைவர் அவர். வாளும் குருதியும் அவர்க்குப் புதியன அல்ல. ஆயினும் சேக்கிழார் வாளின்மேற் கண்வைத்திலர். தாய் மைந்தனின் கால்களை இடுக்கிப் பிடித்தலையும், பெற்றோர் தம்மொடு விளையாடுகின்றனர் என எண்ணிப் பிள்ளை நகைத்தலையும் பாடுகின்றார். கேட்போர் நெஞ்சைப் பிளப்பது அந்த நகையே. அரிதலை மறையாது ஓரிரு சொல்லிற் கூறிக் கடந்து செல்லும் புலவர், பள்ளியினின்று ஓடிவருவான்போல மைந்தன் மீண்டும் வரும் காட்சியிற் கேட்போரை நிறுத்துகின்றார்.

கண்ணப்பர் வரலாறும் அத்தகையதே. முதற் கண்ணை அகழ்ந்து அப்பி இறைவன் கண்ணிற் குருதி நின்றதைக் கண்ட அவ்வேடர், நோவை மறந்து களிப்பினாற் கூத்தாடினார் என்பதே கதையின் உயிர்நிலை. அக்களிப்பைக் காட்டாது குருதியை மட்டும் காட்டும் கலை, கண்ணப்பரைக் காட்டியதாகாது.

யாழ்ப்பாணத்தில் இவ்வரலாறுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. மிசனரிமார் தம் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் புராணக் கதைகளைக் குறைகூறினர். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1852 இற் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1854 இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலில், சைவர்மேற் கூறப்பட்ட குற்றங்களுக்கு விவிலியத்தினின்றே ஒப்புமை காட்டி விடையிறுத்தார். அந்நாவலரே கோயில்களில் ஆடு, கோழி பலியிடுதலைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மைந்தனை அரிந்த அடியாரின் வரலாற்றை வீடுதோறும் படிக்கத் தந்தவர், கோயில் முன்றிலில் ஒரு துளிக் குருதியும் சிந்தலாகாது என்றார். இவ்விரண்டும் முரண் அல்ல. கதையிலுள்ள குருதி அன்பின் அளவைக் காட்டுதற்கு வந்தது. முன்றிலிற் சிந்தும் குருதிக்கு அப்பொருள் இல்லை.

நாவலருக்கு முன்னும் பின்னும் யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் நிகழ்ந்து வந்துள்ளது. ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இம்மண்ணின் வாழ்வைக் ‘கந்தபுராண கலாசாரம்’ எனப் பெயரிட்டு வழங்கியமைக்கு இவ்வழக்கமே அடிப்படை. திருவெம்பாவைக் காலத்திற் படிக்கப்படும் திருவாதவூரடிகள் புராணத்தில், பாண்டியனின் ஏவலர் மணிவாசகரைச் சுடுவெயிலில் நிறுத்தி ஒறுத்த செய்தி வருகின்றது. கேட்போர் கண்கலங்குவர், பயன் சொல்பவர் அக்கண்ணீரை அறிவுரைக்குத் திருப்புவர். துன்பத்தின் அருகே அதன் பொருளைச் சொல்ல ஒருவர் அமர்ந்திருத்தல் அம்முறையின் சிறப்பாகும்.

கண்ணாற் காணும் வழக்கமும் இல்லாமலில்லை. கந்தசட்டியின் இறுதிநாளில் நல்லூர், மாவிட்டபுரம் முதலிய தலங்களில் நிகழும் சூரன்போர், பெருங்கூட்டத்தின் நடுவே நிகழும் ஒரு வதம். இளைஞர் தோளிற் சுமந்தாடும் சூரனின் தலை வீழும். அவ்விடத்தில் வேறொரு தலை பொருத்தப்படும். சிறுவரும் அச்சமின்றிக் கண்டு ஆரவாரிப்பர். ஆண்டுக்கு ஆண்டு தலை வீழினும் அங்கே குருதி இல்லை. இறுதியில் மாமரமாய் நின்றவன் பிளவுண்டு சேவலும் மயிலும் ஆகின்றான். பகைவன் கொடியும் ஊர்தியுமாக ஏற்கப்படுதலே விழாவின் முடிபு. அழிவைக் காட்டவந்த விழா அருளிற் போய் நிற்கின்றது.

நாடக மேடையும் இந்நெறியே நின்றது. போர், மரணம் முதலியவற்றை மேடையில் நேரே காட்டலாகாது என்பது பரத நாட்டிய சாத்திரத்தின் விதி. மீதேயா தன் மக்களைக் கொல்லுதலை அவையோர் முன் காட்டற்க என உரோமப் புலவர் ஓரேசும் கூறினார். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) யாழ்ப்பாணத்து ஊர்கள்தோறும் நடித்த ‘அரிச்சந்திர மயான காண்டம்’ இதற்குச் சிறந்த சான்று. மனைவியை வெட்ட அரிச்சந்திரன் வாள் ஓங்குகின்றான். வாள் வீழுமுன் தெய்வம் வெளிப்படுகின்றது. ஒரு துளிக் குருதியும் சிந்தாத அக்காட்சிக்கு விடியுமட்டும் விழித்திருந்து மக்கள் கண்ணீர் சிந்தினர். வாய்மைக்கு அவன் செலுத்தும் விலை எத்துணைப் பெரிதென்பதை அவன் குரலே உணர்த்தியது.

கிறித்தவர் மரபு சற்று வேறானது. அங்குத் துன்புற்ற திருவுடலே மீட்பின் கருவி. ஆதலிற் காயங்களை எண்ணி எண்ணிப் புலம்புதல் வழிபாடாகின்றது. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேசு அடிகள் (1676–1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஆலயங்களில் இசையோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதிற் பாடுகள் விரிவாகவே கூறப்படுகின்றன. எனினும் அவ்விரிவு, முழந்தாளிட்டுத் தன் பாவத்தை நினைந்திருப்பவனின் செவியிற் புகுகின்றது. அவனும் அப்புலம்பலில் ஒருவனாகின்றான். 1965 இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றமும் யாழ்ப்பாணத்திற் பாடுகளின் காட்சிகளை மேடையேற்றிப் பல சமயத்தாரையும் அவையினராக்கிற்று.

திரைப்படம் வந்தபின் நிலைமை மாறியது. 1917–18 காலத்தில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதற் கதைப்படத்தின் பெயரே ‘கீசகவதம்’. பின்னர் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), ‘திருவருட்செல்வர்’ (1967) முதலியன பாட்டாலும் உரையாடலாலும் பத்தியை வளர்த்தன. அவற்றின்மேற் கூறத்தக்க குறை, மிகுதியன்று. சில இடங்களில் எளிமைப்படுத்தலே. இறந்தவன் எழுவான் என்பது முன்னரே தெரிந்திருக்க, இழப்பை ஒரு நொடியிற் கடந்துவிடும் படத்தில் ஈகைக்கு விலையில்லாது போகின்றது. குருதியை அறவே மறைத்தலும் ஒரு பொய்யே. ஆதலாற் கொடுமையைக் காட்டுவோர் கூறும் நியாயம் முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் படக்கருவி மேடையினும் அண்மையிற் செல்வது. புண்ணைத் திரையளவு பெரிதாக்கிப் புண்பட்டவன் முகத்தை மறைத்துவிட வல்லது. அங்கே பயன் சொல்பவரும் இல்லை. இருளில் இருப்பவன் தானே பொருள் தேடல் வேண்டும்.

2009 இற் போர் முடிவுற்ற இந்நாட்டின் வடபுலத்தில் இவ்வினா இன்னும் கூர்மையாகின்றது. சிதைந்த உடலை எறிகணைக்குப் பின் தெருவிற் கண்டவர்கள் இங்குள்ள அவையில் இருக்கின்றனர். குருதி எத்தன்மைத்து என்பதை அவர்க்குத் திரை கற்பிக்க வேண்டுவதில்லை. மைந்தனை இழந்த தாய்க்குச் சீராளன் கதை சொல்லப்புகும் கலைஞன், அரிவாளைக் காட்டினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்கும் பெற்றோரின் குரலைக் கேட்பித்தாற் கதை முடியுமட்டும் இருப்பாள்.

இவற்றால், சமயக் கதையிற் கொடுமைக் காட்சி தன்னளவிற் குற்றமும் அன்று, குணமும் அன்று என்பது பெறப்படும். கொடுத்தவன் யாது கொடுத்தான் என்பதை உணர்த்துமளவும் அது வேண்டப்படுவது. அவ்வெல்லை கடந்தவழிப் பெருமிதம் இளிவரலாகத் திரியும். புண்ணின் அளவு கூடப் பத்தியின் அளவும் கூடும் என்னும் கொள்கை, மிகைமதிப்பின்பாற்பட்டது. அதனை மறுக்கச் சேக்கிழார் பாடிய ஒரு குழந்தையின் நகையே போதும்.