மங்காத சில்லுகளைத் தேடிய நூறு ஆண்டுகள்

அலுமினியத்தைப் போல மிக உயர்ந்த இடத்திலிருந்து மிகச் சாதாரணமான இடத்துக்கு விரைவில் இறங்கி வந்த உலோகங்கள் சிலவே. 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் பொருத்தப்பட்டது 100 அவுன்ஸ் எடையுள்ள ஓர் அலுமினியக் கூம்பு. அப்போது அதன் விலை வெள்ளியின் விலைக்கு அண்மித்ததாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1886இல், அமெரிக்காவில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹோலும் பிரான்சில் போல் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்சாரத்தின் துணைகொண்டு இவ்வுலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டனர். விலை சரிந்தது. அரும்பொருளாக இருந்தது அடுப்படிக்கு வந்தது. பின்னர் கார்ச் சில்லுக்கும் வந்தது.

அந்த வருகையை உலகறியச் செய்தவர் எட்டோரே புகாட்டி. 1924 ஆகஸ்ட் 3ஆம் திகதி பிரான்சின் லியோன் நகரில் நடைபெற்ற கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு, அவரது 35ஆம் வகைக் கார்கள் எட்டு அகன்ற ஆரங்களைக் கொண்ட வார்ப்பு அலுமினியச் சில்லுகளுடன் வந்தன. பிரேக் உருளையும் சில்லோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. பாரம் குறைந்தது, பிரேக்கின் வெப்பமும் எளிதில் வெளியேறியது. ரயர்கள் கைவிட்டதால் அன்று வெற்றி அல்ஃபா ரோமியோவுக்குப் போயிற்று. ஆயினும் அந்தச் சில்லின் வடிவம் நிலைத்துவிட்டது.

பளபளப்பைப் பேணுவதோ வேறு பிரச்சினை. அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் மிக மெல்லிய ஒக்சைட்டுப் படலமொன்றைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பின் துரு உதிர்ந்து மேலும் அரிக்க வழிவிடும். இப்படலமோ கவசமாக நின்று காக்கும். ஆனால் கடும் அமிலமும் கடும் காரமும் அக்கவசத்தைக் கரைத்துவிடும். பித்தளையைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கிப் பழகிய நம் வீட்டுக் கைகள், அலுமினியப் பாத்திரத்தையும் அவ்வாறே தேய்த்தன. சாம்பலின் காரம் அலுமினியத்துக்கு ஆகாது என்பதை அன்று சொல்வார் இல்லை.

சில்லின் நிலை பாத்திரத்தினதைவிட மோசமானது. பிரேக் தேய்வதால் பறக்கும் நுண்ணிய இரும்புத்துகள் சூட்டோடு வந்து அதன்மேல் படிகிறது. ஈரம் சேர்ந்ததும் அது துருப்பிடித்துக் கபில நிறக் கறையாகிறது. கடற்காற்றின் உப்பும், குளிர்நாடுகளில் பனியை உருக்க வீதியில் தூவும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவுபடும்.

இதற்கான முதற்பெரும் தீர்வு கடலிலிருந்தே வந்தது எனலாம். கடல் விமானங்களின் அலுமினியக் கலப்புலோகப் பாகங்களை உப்புநீரிலிருந்து காக்க, 1923இல் பிரித்தானியாவில் பெங்கோவும் ஸ்டுவர்ட்டும் குரோமிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அப்படலத்தைத் தடிப்பாக்கினர். இதுவே அனோடைசிங் எனப்படுவது. 1927இல் கந்தக அமில முறை வந்தது. 1966இல் அறிமுகமான போர்ஷே 911 எஸ் காருக்கு ஜேர்மனியின் ஃபுக்ஸ் நிறுவனம் அடித்து வடித்த சில்லுகள் இவ்வாறு காக்கப்பட்டவையே.

அமெரிக்க லொறிகளின் வழி வேறானது. 1948இல் அல்கோவா நிறுவனம் உருவாக்கிய அடித்து வடித்த சில்லுகளை வெறும் உலோகமாகவே மினுக்கி வைப்பது சாரதிகளுக்குப் பெருமையாயிற்று. அந்த மினுக்கத்தின் விலை அவர்களது ஓய்வு நேரம். ஒரு மழைக்காலம் போதும், அத்தனையும் மங்கிவிடும்.

உழைப்பைக் குறைக்கவெனப் பின்னர் பரவிய நிறமற்ற லக்கர்ப் பூச்சுக்கும் ஒரு குறை உண்டு. கல்லொன்று பட்டுக் கீறினால் அவ்வழியே ஈரம் புகுந்து, பூச்சின் அடியில் புழு ஊர்ந்தாற்போல வெண்கோடுகள் படரும். முழுப் பூச்சையும் அகற்றாமல் அதனைத் தீர்க்க இயலாது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது அவசரத் தீர்வுதான். சில்லுத் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்க்கப்பட்டது. நொடியில் கறை அகலும். ஆனால் தோலில் பட்டால், முதலில் வலியே தெரியாமல் உட்புகுந்து எலும்புவரை தாக்கக்கூடியது அது. உடலின் கல்சியத்தைக் குலைத்து உயிரையும் பறிக்க வல்லது. சில்லின் மினுக்கத்துக்காக அந்த ஆபத்தைத் தாங்குபவர் காரின் உரிமையாளர் அல்லர். கழுவுமிடத்தில் நாட்கூலிக்கு நிற்பவரே.

உண்மையில் வெறும் அலுமினியம் கேட்பது சிறிதளவே. சில்லு ஆறிய பின் நீரால் அலசவேண்டும். காரமற்ற சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும். ஈரத்தை நன்கு ஒற்றியெடுத்து, மங்கிய இடத்தை அலுமினியத்துக்கான பசையால் மினுக்கி, மேலே மெழுகு பூசவேண்டும். மெழுகு தேயும், மறுபடி பூசவேண்டும். அனோடைஸ் செய்த சில்லை மட்டும் பசையால் தேய்க்கலாகாது. அதன் கவசமே தேய்ந்துபோகும்.

நூறு ஆண்டுகளில் பூச்சுகள் பல வந்துள்ளன. எனினும் அழுக்கை நாட்பட விடாமல் அடிக்கடி மென்மையாகக் கழுவும் கையை விஞ்சியது இன்னும் வரவில்லை. அந்தக் கைக்குத் தீங்கு செய்யாத திரவமா என்று போத்தலின் மேலுள்ளதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது, சில்லைக் காப்பதிலும் முதன்மையான கடமை.