உந்தமா, ஆற்றலா? ஒரு நீண்ட சண்டையின் கதை

பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் இரண்டு சூத்திரங்கள் வரும். உந்தம் என்றால் நிறை × திசைவேகம். இயக்க ஆற்றல் என்றால் ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். இரண்டையும் மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஓடுகிற ஒரு பொருளின் பலத்தை அளக்க எதற்கு இரண்டு அளவுகள்? ஒன்று போதாதா?

சாதாரணக் கேள்வி போலத்தான் தெரியும். இதற்காக ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

தொடங்கி வைத்தவர் பிரெஞ்சு தத்துவ அறிஞர் டெகார்ட். 1644-ல் வெளிவந்த தன் நூலில், கடவுள் உலகத்தைப் படைத்தபோது அதில் ஒரு குறிப்பிட்ட அளவு இயக்கத்தை வைத்தார், அந்த மொத்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றார். அந்த இயக்கத்தின் அளவு என்ன? பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கினால் வருவது. இன்றைய உந்தத்துக்கு இது மிக நெருக்கம். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

டெகார்ட் இறந்து 36 வருடம் கழித்து, 1686-ல், ஜெர்மானியரான லைப்னிட்ஸ் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். டெகார்ட் கணக்கில் தவறு செய்துவிட்டார் என்பதுதான் கட்டுரையின் சாரம். அவருடைய வாதம் மிக எளிமையானது.

1 ராத்தல் எடையை 4 முழம் தூக்குவதற்கும், 4 ராத்தல் எடையை 1 முழம் தூக்குவதற்கும் ஒரே பலம்தான் வேண்டும். இதை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளும். அப்படியானால், அந்த உயரங்களிலிருந்து விழும்போது இரண்டும் பெறுகிற பலமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் 4 மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு வேகம் 2 மடங்குதான் கிடைக்கும் என்று கலிலியோ முன்பே காட்டியிருந்தார். டெகார்ட் முறையில் பெருக்கினால் ஒன்றுக்கு 1 × 2 = 2, இன்னொன்றுக்கு 4 × 1 = 4. கணக்கு உதைக்கிறது! வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1 × 4 = 4, 4 × 1 = 4. சரியாக வருகிறது. இந்த அளவுக்கு அவர் பின்னாளில் 'உயிருள்ள விசை' என்று பெயர் வைத்தார்.

டெகார்ட்டின் சீடர்கள் சும்மா இருப்பார்களா? மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக வருடங்கள் ஓடின. நியூட்டனின் ஆதரவாளர்கள் பலரும் லைப்னிட்ஸை ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் ஹாலந்தின் லைடன் நகரப் பேராசிரியர் கிராவசாண்டே. 1722-ல் அவர் பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண் மேல் விழச் செய்து, பதிந்த குழிகளை அளந்தார். ஒரே பருமன், வேறு வேறு எடை. எடை எத்தனை மடங்கு குறைவோ அத்தனை மடங்கு அதிக உயரத்திலிருந்து போட்டால் குழிகள் சமமாக இருந்தன. அதாவது, குழியைத் தீர்மானித்தது வேகத்தின் வர்க்கம்! அவர் தன் பழைய கருத்தை விட்டுவிட்டு லைப்னிட்ஸ் பக்கம் வந்தார்.

இந்தச் சோதனையைத் தன் நூலில் எடுத்துக்காட்டி லைப்னிட்ஸுக்காக வாதாடியவர் எமிலி து ஷாத்லே. 1740-ல் வெளிவந்த அந்த இயற்பியல் நூலில், பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மெய்ரானின் வாதத்தைப் பெயர் சொல்லியே மறுத்தார். கழகத்தின் செயலாளர் ஆகிவிட்ட மெய்ரான் 1741-ல் பதில் எழுதினார். எமிலியும் விடவில்லை, உடனே பதிலுக்குப் பதில் அச்சிட்டார். பெண் என்பதால் அந்தக் கழகத்தில் உறுப்பினராகக்கூட ஆக முடியாத ஒருவர், அதன் செயலாளரோடு சரிக்குச் சரியாக வாதாடினார்.

சரி, யார் சொன்னது சரி?

ஒரு பந்தை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்தால் ஏறக்குறைய 1 வினாடி ஏறும், 5 மீட்டர் உயரம் போகும். வேகத்தை இரட்டித்தால்? 2 வினாடி ஏறும், 20 மீட்டர் போகும். நேரம் 2 மடங்கு, உயரம் 4 மடங்கு. பந்தின் பலத்தை நேரத்தால் அளந்தால் உந்தம் கிடைக்கிறது. தூரத்தால் அளந்தால் ஆற்றல் கிடைக்கிறது. விசை × நேரம் என்பது உந்தத்தின் மாற்றம், விசை × தூரம் என்பது இயக்க ஆற்றலின் மாற்றம். இரண்டு தரப்பும் ஒரே பந்தை இரண்டு அளவுகோல்களால் அளந்திருக்கிறது.

1743-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர் இதை வெறும் சொற்சண்டை என்றார். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. சமமான இரண்டு களிமண் உருண்டைகள் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டி நிற்கின்றன. திசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த உந்தம் முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். ஆனால் இயக்க ஆற்றல் எங்கே போனது? அது பொருளின் நுண்ணிய பகுதிகளுக்குள் சிதறிவிட்டது, பெரிய காசைச் சில்லறையாக மாற்றுவது போல என்று லைப்னிட்ஸ் 1716-லேயே சொல்லியிருந்தார். அந்தச் சில்லறைக்குப் பெயர் வெப்பம் என்பது 1840-களில் ஜூல் செய்த சோதனைகளில்தான் உறுதியானது. சூத்திரத்தில் இருக்கும் ½ கூட 1829-ல் கொரியோலிஸ் சேர்த்தது. விசை × தூரத்துக்கு 'வேலை' என்று பெயர் கொடுத்தவரும் அவரே.

சாலையில் போகும்போது இந்தப் பழைய சண்டை உயிர் காக்கும். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 80-க்கு ஏறினால், அதே பிரேக்கில் நிற்க 2 மடங்கு நேரம் ஆகும். ஆனால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து அது ஓடும் தூரம் 4 மடங்கு. வேகம் இரட்டித்தால் ஆபத்தும் இரட்டிக்கும் என்று நினைப்பவர் டெகார்ட்டின் கணக்கைப் போடுகிறார். குறுக்கே வரும் குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பதோ தூரம். அங்கே செல்லுபடியாவது லைப்னிட்ஸின் கணக்கு.