ஸ்பிரிங்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து புரோகிரெசிவ் ராக் குழு ஸ்பிரிங். 1971இல் வந்த அதன் இசைத்தட்டின் பெயரும் அதுவே. ஆர்சிஏ நிறுவனத்தின் கிளை முத்திரையான நியான் இதை வெளியிட்டது. வேல்ஸில் மான்மத் ஊரருகே வார்டு சகோதரர்கள் தங்கள் பால்பண்ணையில் அமைத்திருந்த ராக்ஃபீல்டு கூடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. தயாரிப்பாளர் கஸ் டட்ஜன், டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ பாடலைத் தயாரித்தவர்.

குழுவில் ஐவர்: பாட் மோரன் (பாட்டு), ரே மார்ட்டினெஸ் (கிதார்), அட்ரியன் மலோனி (பேஸ் கிதார்), பிக் விதர்ஸ் (டிரம்ஸ்), கிப்ஸ் பிரவுன் (பியானோ, ஆர்கன்). இவர்களில் மோரன், மார்ட்டினெஸ், பிரவுன் மூவருமே மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியையும் வாசித்தார்கள். இத்தட்டின் தனிச்சிறப்பு இதுவே.

மெல்லோட்ரான் 1963இல் பர்மிங்காமில் பிறந்தது. மூலக்கருத்து கலிஃபோர்னியாவின் ஹாரி சேம்பர்லினுடையது. அவரிடம் விற்பனையாளராக இருந்த பில் ஃபிரான்சன் அவருடைய இரண்டு கருவிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பர்மிங்காமின் பிராட்லி சகோதரர்கள் அவற்றைச் செம்மைப்படுத்தித் தயாரித்தார்கள். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாத் துண்டு உண்டு. கட்டையை அழுத்தியதும் நாடா நகர்ந்து, முன்பே பதிந்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ சேர்ந்திசைக் குரலோ ஒலிக்கும். ஏறத்தாழ 8 விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் தொடக்கத்துக்குத் திரும்பும். ஆகவே வாசிப்பவர் சுரத்தை நீட்டிக்கொண்டே போக முடியாது, கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாடாவின் ஓட்டம் ஒரே சீராக இராததால் சுருதியும் லேசாக அசையும். அந்த அசைவில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. அதை வாத்தியக் குழுவுக்கு மலிவான மாற்று என்பது பொருந்தாது. மெல்லோட்ரான் தனி வாத்தியமே.

மூடி புளூஸ், கிங் கிரிம்சன் குழுக்களால் இவ்வொலி புகழ்பெற்றது. ஸ்பிரிங்கோ அதைப் பாடலின் அடித்தளமாகவே பரப்பியது. ‘தி பிரிசனர்’ தொடங்கி ‘கேஸிங்’ வரை எட்டுப் பாடல்களிலும் வித்தை காட்டும் வேகத்தைவிட மெட்டுக்கே முதலிடம். ‘கிரெயில்’ பாடலை அக்காலத்தின் பெயர்பெற்ற எந்தப் பாடலோடும் தயங்காமல் சேர்த்து வைக்கலாம்.

ஒளிப்படக் கலைஞர் கீஃப் எடுத்த உறைப்படத்தில் செஞ்சட்டைச் சிப்பாய் ஒருவன் நீரோரம் விழுந்து கிடக்கிறான்.

தட்டு விலைபோகவில்லை, நியான் முத்திரையும் விரைவில் நின்றது. இரண்டாம் தட்டுக்காகப் பதிந்த பாடல்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தன. மோரன் ராக்ஃபீல்டிலேயே ஒலிப்பதிவாளராகி, ரஷ் குழுவின் ‘ஹெமிஸ்பியர்ஸ்’ (1978) தட்டில் பணியாற்றினார். விதர்ஸ் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் முதல் டிரம்ஸ் கலைஞரானார். பாப் டிலனின் ‘ஸ்லோ டிரெயின் கம்மிங்’ (1979) தட்டிலும் வாசித்தார். ஸ்பிரிங்கின் முதல் தட்டு குறுந்தகடாகவும் வந்துள்ளது. 1971 பதிப்பைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகிறார்கள்.