பெங்களூரின் ஊனுண்ணித் தாவரங்களும் கையடக்க நுண்ணோக்கியும்

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளிலும் ஈரப் புல்வெளிகளிலும், மழை பெய்து நிலம் ஊறிய மாதங்களில், பூச்சிகளைப் பிடித்துண்ணும் சிறு செடிகள் தலைகாட்டுகின்றன. நிலத்தில் வளர்பவை அழுகண்ணி எனப்படும் டிரோசீரா இனங்கள். குட்டைகளிலும் சேற்றிலும் வளர்பவை யூட்ரிகுலேரியா இனங்கள். இந்தியாவின் ஒரே கெண்டிச் செடியான நெப்பந்தஸ் காசியானா மேகாலய மலைகளுக்குரியது. இங்கே இயல்பாக வளர்வதில்லை.

இந்நகரம் மிகப் பழைய நைஸ் பாறையின்மேல் அமர்ந்திருக்கிறது. லால்பாக் பூங்காவில் வெளித்தெரியும் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையானது. இத்தகைய பாறைகளின்மேல் தங்கும் மண் மெல்லியது, மணல் கலந்தது. பெய்யும் மழை அதன் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அரித்துச் சென்றுவிடுகிறது. மற்றச் செடிகள் திணறும் அந்த இடத்தில், வேருக்குக் கிடைக்காத சத்தை இலையால் தேடிக்கொள்வது அழுகண்ணி.

தென்னிந்தியச் சமவெளிகளிலும் பீடபூமியிலும் இரண்டு இனங்கள் பரவலாக உள்ளன. டிரோசீரா பர்மானி தரையோடு ஒட்டிய வட்ட இலையடுக்கு. ஒரு ரூபாய் நாணயத்தால் மறைத்துவிடும் அளவில் இருப்பதும் உண்டு. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737-இல் நூல் வெளியிட்ட டச்சுத் தாவரவியலாளர் யோகன்னஸ் பர்மனின் பெயரை இது தாங்குகிறது. டிரோசீரா இண்டிகா நீண்ட, ஒடுங்கிய இலைகளுடன் நிமிர்ந்து வளரும்.

இச்செடிகளை அவை வளரும் இடத்திலேயே பார்க்க ஏற்ற கருவிகளில் நன்கு அறியப்பட்டது ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கி. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் பயின்ற மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் இதை உருவாக்கி 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரை விவரிக்கும் கருவியின் எடை 8.8 கிராம். தற்போது பரவலாகக் கிடைப்பது சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். கைப்பேசியின் கேமராவோடு பொருத்திப் படமும் எடுக்கலாம்.

ஆனால் இதில் ஒளி பொருளை ஊடுருவித்தான் கண்ணுக்கு வரவேண்டும். அழுகண்ணியின் முழு இலை அதற்குத் தடிமன் அதிகம். கண்ணாடி மூடியால் அழுத்தினால் இலையின் உணர்மயிர் நுனிகளில் நிற்கும் பசைத்துளிகளும் நசுங்கிப்போகும். ஆகவே முதலில் கைலென்சாலோ, மேலிருந்து ஒளி பாய்ச்சும் யூஎஸ்பி நுண்ணோக்கியாலோ செடியைத் தொடாமல் பார்ப்பதே முறை. துளிகள் முழுமையாக நிற்பதும், சிக்கிய கொசுவை நோக்கி உணர்மயிர்கள் வளைவதும் அப்போதுதான் தெரியும். பறித்து ஆய்வகத்துக்குக் கொண்டுசென்ற இலையில் இக்காட்சி பெரும்பாலும் குலைந்துவிடும். கையடக்கக் கருவியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. விலை குறைவு என்பதைவிட இது பெரிய காரணம்.

அடுத்து ஊசிமுனையால் ஒரே ஒரு உணர்மயிரை எடுத்து, ஒரு சொட்டு நீரில் இட்டு, ஃபோல்ட்ஸ்கோப்பில் காணலாம். காம்பின் உச்சியில் சிவந்த சுரப்பித்தலை இருக்கும். மெல்ல அழுத்தினால் அதன் நடுவே சுருள் தடிப்புள்ள செல்கள் புலப்படும். பசையைச் சுரப்பதும், செரிமான நொதிகளை விடுவதும், கரைந்த சத்தை உறிஞ்சுவதும் இத்தலையின் வேலைகளே. இரை பிடித்த மயிரையும் பிடிக்காத மயிரையும் ஒப்பிட்டால், காம்புச் செல்களில் சீராக நிறைந்திருந்த செந்நிறச் சாறு திரள்திரளாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். சார்லஸ் டார்வின் 1875-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக விவரித்தார். 0.000822 மில்லிகிராம் எடையுள்ள தலைமயிர்த் துணுக்கு பட்டாலே ஐரோப்பிய டிரோசீரா ஒன்றின் உணர்மயிர் வளைந்ததாகவும் அவர் பதிவு செய்தார். பூக்கும் காலமானால் மகரந்தத்தையும் பார்ப்பது நல்லது. மணிகள் நான்கு நான்காக ஒட்டியிருக்கும்.

யூட்ரிகுலேரியாவில் நிலைமை தலைகீழ். அதன் பொறிப்பையின் சுவர் பெரும்பாலும் இரண்டு செல் தடிமனே உடையது. ஊடுருவும் ஒளிக்கு மிகவும் ஏற்றது. பை தன்னுள்ளிருக்கும் நீரை வெளியேற்றி உள்ளழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறது. வாயிலருகே உள்ள தூண்டுமயிரில் நுண்ணுயிர் இடறியதும் கதவு உட்புறமாகத் திறந்து, நீரோடு இரையையும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் இழுத்துக்கொள்ளும். அவ்வேகத்தைக் கைப்பேசி பிடிக்காது. ஆனால் பைக்குள் அகப்பட்ட நீர்த்தெள்ளையும் பாசியையும், உட்சுவரில் நான்கு கைகளுடன் நிற்கும் சுரப்பிகளையும் தெளிவாகக் காட்டும். செடியை நீரிலிருந்து தூக்கினால் பைகள் காற்றை விழுங்கிக் குமிழியோடு நிற்கும். ஆகவே குட்டைநீருடனேயே ஒரு சிறு கிளையை எடுக்க வேண்டும்.

பெங்களூர் புனித ஜோசப் கல்லூரியின் செசில் சல்தானா தொகுத்த ஹாசன் மாவட்டத் தாவர நூலும் (1976), கர்நாடகத் தாவர நூலின் முதல் தொகுதியும் (1984) இப்பகுதித் தாவரங்களை அறிய அடிப்படை நூல்கள். கல்குவாரிகள், மனைப்பிரிவுகள், தூர்க்கப்படும் குட்டைகள் ஆகியவற்றால் இச்செடிகளின் வாழிடம் சுருங்கி வருகிறது. எனவே முழுச் செடியைப் பிடுங்காமல், படத்தோடு மில்லிமீட்டர் அளவையும், நாளையும், மண்ணின் ஈரத்தையும், உடன் வளரும் புற்களையும் குறித்து வைப்பதே தகும்.