கம்பி வழியும் காற்று வழியும்

மாணவர்களே! கைப்பேசி இருக்கையில் வீட்டில் கம்பித் தொலைபேசி எதற்கு என்று நீங்கள் வினவக்கூடும். வரலாற்றைத் துணைக்கொண்டு விடை காண்போம்.

1876-ஆம் ஆண்டு கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். நம் நாட்டில் கைப்பேசிக் காலம் அன்று பிறந்தது.

பழைய செப்புக் கம்பிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது பேச்சை மட்டுமன்றி, நிலையத்து மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் வீட்டிற்குக் கொணர்ந்தது. ஆதலின் தெருவே இருண்டாலும் தொலைபேசி மணி ஒலித்தது. கைப்பேசிக்கோ கையிலும் மின்சாரம் வேண்டும், கோபுரத்திலும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. கோபுரங்கள் பல ஓய்ந்தன. அங்கிருந்த உறவினரின் நலம் அறியாது தவித்தோர் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

எனினும், கண்ணாடி இழை வழியே வரும் இக்காலத் தொலைபேசி வீட்டு மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. ஆகவே கருவியின் பெயரைக் கண்டு மயங்குதல் வேண்டா. இடர்க்காலத்தில் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். விடையறிந்த பின்னரே பழைய இணைப்பை வைத்திருப்பதா, விடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.