ஆடு தொடாத இலை

நெற்பயிரின் தூரில் கூட்டங்கூட்டமாய் ஒட்டிச் சாறுறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சிக்கு நம் உழவர் இட்ட பெயர் புகையான். வயல் நடுவே வட்டம் வட்டமாய்ப் பயிர் காய்ந்து, புகைந்தது போலக் கிடக்கக் கண்டு வைத்த பெயர் அது. ஆயினும் அது தீராப் பகையானது பசுமைப் புரட்சியின் பின்னரே. ஐ.ஆர். 8 என்னும் குட்டை ரகம் 1966-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் புதிய ரகங்களோடு தழைச்சத்து உரமும் பூச்சிமருந்தும் காவிரிப் படுகைக்கு வந்து சேர்ந்தன. (நஞ்சை 'மருந்து' என்று அழைக்க நாம் எவ்வளவு எளிதில் பழகிக்கொண்டோம்!) தெளித்த நஞ்சு சிலந்திகளைக் கொன்றது, அவற்றுக்கு இரையாக வேண்டிய புகையான் பெருகிற்று. இதே வழியில் நொந்த இந்தோனேசியா, 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்வயலிலிருந்து விலக்கியது.

தமிழகத்தில் மாற்றுவழி கற்பித்தோருள் முதலில் நம் நினைவுக்கு வருபவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியை 1969-இல் துறந்தவர். அவரும் பிற இயற்கை வேளாண் ஆர்வலர்களும் பரப்பிய பாடத்துக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை. ஆடுமாடு கடிக்காத இலை எது, ஒடித்தால் பால் வடிவது எது, கசப்பது எது? எருக்கு, வேம்பு, நொச்சி என்று விடை உழவர் வாயிலிருந்தே வரும். ஆடாதொடையை 'ஆடு தொடா இலை' என்று பிரித்துச் சொல்லும் வழக்கிலேயே பாதிப் பாடம் அடங்கிவிடுகிறது. இவற்றை இடித்து, மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து, வடிகட்டித் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். தாவரம் என்றாலே தீங்கற்றது என்று நாம் மயங்கவும் கூடாது. புகையிலைக் கரைசலின் நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சே.

வேம்பின் கதை இன்னும் விரிவானது. 1962-இல் தில்லியில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தீண்டவில்லை என்பதை எஸ். பிரதான் கண்டார். 1968-இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சைகளை ஒடுக்கும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994-இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை, நெடிய வழக்குக்குப் பின் 2005-இல் இறுதியாக ரத்தானது.

செய்முறை எளிது. ஐந்து கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து நூறு லிட்டராக்க வேண்டும். வெயிலில் வீரியம் குறையுமாதலால் மாலையில் தெளிப்பது நலம். கற்பிப்பதற்குக் கடினமானது வேறொன்று. மறுநாள் வயலில் பூச்சிகள் செத்துக் கிடக்கா. இலையை வெறுத்து, தோலுரிக்க இயலாமல் மெல்ல மெல்ல ஒழியும். உடனே பலன் காணப் பழகிய கண்ணுக்கு இது தோல்வியாகவே படும்.

இன்னொரு இடர் காலம். வேப்பம்பழம் உதிர்வது ஆனி, ஆடியில். சம்பாப் பயிரில் பூச்சி தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். இடையே கொட்டைகளைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் காக்க வேண்டும். சென்ற ஆண்டின் மீதி உதவாது. எட்டுப் பத்து மாதங்களில் பருப்பின் வீரியம் போய்விடும்.